உன் தலைமேல் நான் கண்ட கை

பத்தொன்பது வயதிலேயே நின்றுவிட்ட என் சந்திரன் அண்ணைக்கு,

சுகம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்கவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவன் நீ. உன்னிடம் அதைக் கேட்க முடியாது. அதனால் எங்கள் சுகத்தைச் சொல்கிறேன். உன்னைவிட எட்டு வயது இளையவளாய் இருந்த நான் இப்போது நாற்பத்தாறு வயதுக்காரி. சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். கண்ணாடி போட்டிருக்கிறேன். தெருவில் எதிரே வந்தால் நீ என்னை அன்ரி என்று கூப்பிட்டுவிட்டுப் போவாய்.

நாங்கள் மயிலிட்டிக்குத் திரும்பி வந்துவிட்டோம். நீ போன அடுத்த வருடமே ஊர் முழுவதும் உடுத்த உடுப்போடு எழும்பி ஓடியது உனக்குத் தெரியாது. முப்பது வருடத்துக்குக் கிட்ட மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் இருந்தோம். அப்பா அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். இராணுவம் ஊரைத் திறந்துவிட்டபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்குள் ஆலங்கன்று நின்றது. அம்மாவும், நானும், என் அவரும், மகள் யாழினியும் அந்த நிலத்தில் ஒரு கல்வீடு கட்டி இருக்கிறோம். துறைமுகத்தில் இப்போது பெரிய பெரிய படகுகள் நிற்கின்றன. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

உனக்கு நான் இதுவரை ஒரு வரிகூட எழுதாததற்குக் காரணம் உண்டு. எழுதினால் அந்தக் காலையை எழுதவேண்டி வரும். இப்போது எழுதத்தான் வேண்டும். அதுவும் ஊர் வாசிக்கும்படி எழுதவேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டா.

அந்தக் காலையில் நீயும் குணம் அண்ணையும் வலை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்துகொண்டிருந்தீர்கள். ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர்கள், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தவர்கள். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மிஷின் நின்றுவிட்டது. மிஷினின் விசிறியில் கயிறு சுற்றிவிட்டதாக்கும், இறங்கி வெட்டவேண்டும். நான் மீன் கொண்டுபோகக் கடகத்தோடு கரையில் நின்றேன். சூரியன் வலப்பக்கத்தில் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. கடலில் அலை இல்லை. அப்படி ஒரு அமைதியான கடலை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை, அல்லது கண்டாலும் பார்த்ததில்லை.

நீ குதித்தாய். ஒருமுறை மேலே வந்தாய். பிறகு குணம் அண்ணை குதித்தார். இரண்டு தலைகள் தெரிந்தன. உன் தலைமேல் ஒரு கை இருந்தது. பிறகு ஒரு தலைதான் தெரிந்தது.

உன்னைக் கரையில் கிடத்தியபோது அம்மா தலைவிரிகோலமாய் ஓடிவந்தா. கடலோடு பிறந்த பிள்ளை, பாக்கு நீரிணையின் பாதிவரை நீந்துவான் என்று எல்லாரும் பகிடியாய்ச் சொல்கிற பிள்ளை, கரைக்குக் கிட்ட எப்படிச் சாவான்? யாராலும் நம்ப முடியவில்லை. அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினா.

"நீ இஞ்சைதானே நிண்டனி? என்னடி கண்டனி? சொல்லு!"

"குணம் அண்ணை அமத்தினவர்" என்றேன்.

நான் கண்டது ஒரு கை. தலைமேல் ஒரு கை. அது தூக்குகிறதா, அமத்துகிறதா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல ஒரு சொல் இருந்தது. பதினொரு வயதில் அந்தச் சொல்லும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அம்மா கேட்ட வேகத்துக்கு அது போதாது என்று நினைத்தேனோ? எல்லாரும் என்னையே பார்த்தார்களே, அதற்காகச் சொன்னேனோ? இன்றுவரை விளங்கவில்லை.

முதல்நாள் கரப்பந்து விளையாட்டில் நீங்கள் இரண்டுபேரும் சட்டையைப் பிடித்துச் சண்டை பிடித்தது உடனே எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. அரை மணித்தியாலத்துக்குள் அதுவும் இதுவும் ஒட்டிக்கொண்டன. மாமாமார் குணம் அண்ணையை அடித்தார்கள். ஈர உடுப்போடு, உன்னை இழுத்துவந்த களையோடு நின்றவரை அடித்தார்கள். அவர் கையை உயர்த்திக்கூடத் தடுக்கவில்லை. அன்றோடு அவருடைய வலது காது கேட்காமல் போனது. அம்மா கடற்கரை மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அவர்மேல் எறிந்து, "நீ கடல் மிதிக்கக்கூடாது, உன்ரை வாசல்லை நல்லது நடக்கக்கூடாது" என்று திட்டினா.

பின்னேரம் நான் அம்மாவிடம் போனேன். "அம்மா, எனக்கு வடிவாத் தெரியேல்லை" என்று சொல்லத்தான் போனேன். வீடு முழுக்கச் சனம். பறை முழங்கிக்கொண்டிருந்தது. அம்மா என்னை இழுத்து மடியில் போட்டு, "நீ எண்டாலும் கண்டியே, என்ரை குஞ்சு" என்று அழுதா. நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு திறக்கவேயில்லை.

முகாமுக்குப் போகும்போது நாங்கள் எதையும் கொண்டுபோகவில்லை என்று சொன்னேன். அந்தச் சொல் மட்டும் எங்களோடு வந்தது. குணம் அண்ணையின் தாயும் தகப்பனும் எங்கள் முகாமுக்கு வந்து, இரண்டு நாளில் வேறு இடம் பார்த்துப் போனார்கள். தண்ணீர்க் குழாயடியில் சனம் விலகி நின்றது. நான் வாளியோடு வரிசையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணை, நீ என்னை விட்டுப் போகவில்லை. பேய் பிசாசாய் வரவில்லை. கையாக வந்தாய். யாழினி சின்னவளாய் இருந்தபோது அவளுக்குத் தலையில் எண்ணெய் வைப்பேன். என் கை அவள் தலைமேல் இருப்பதைத் திடீரென்று காண்பேன். உடனே எடுத்துவிடுவேன். "ஏனம்மா நிப்பாட்டினனீங்கள்?" என்று கேட்பாள். அவளுக்கு நான் சொன்ன பொய்கள் எத்தனை!

இப்போது யாழினியைப் பற்றிச் சொல்லவேண்டும். பதினைந்து வயது. உன்னுடைய உயரம். தெல்லிப்பழையில் படிக்கிறாள். ஓட்டக்காரி. போன வருடம் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் நானூறு மீற்றர் ஓடினாள். கடைசி வளைவில் முன்னுக்கு வந்தாள். நான் எழும்பிக் கைதட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் குப்புற விழுந்தாள். தடக்கி விழவில்லை. ஓடிக்கொண்டிருந்த உடம்பில் ஆள் இல்லாமல் போனதுபோல விழுந்தாள்.

ஒரு நிமிடம் இருக்கும். பிறகு கண் திறந்து, "நான் எத்தினையாவது?" என்று கேட்டாள். காலையில் சாப்பிட்டிருக்கமாட்டாள் என்று எல்லாரும் குளுக்கோஸ் கரைத்தார்கள். நான் மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முகத்தை நான் முன்பே கண்டிருக்கிறேன். கரையில் கிடத்தியபோது கண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி ஈசிஜி எடுத்தா. அந்த நீளக் காகிதத்தில் கோடுகளுக்கு நடுவே ஒரு சின்ன அளவுகோலை வைத்து அளந்தா. திரும்பவும் அளந்தா. பிறகு என்னைக் கூப்பிட்டு இருத்தினா.

"அம்மா, உங்கடை குடும்பத்திலை ஆரும் இளவயசிலை சடாரெண்டு செத்தவையோ? ஓடேக்கை, நித்திரையிலை, குளிக்கேக்கை?"

"இல்லை டொக்டர். அண்ணை ஒராள் கடல் தண்ணிக்குள்ளை தாண்டு செத்தவர். அது வேறை."

"அவருக்கு நீச்சல் தெரியாதோ?"

"மயிலிட்டிப் பெடியனுக்கு நீச்சல் தெரியாதோ டொக்டர்? அவரைமாதிரி நீந்த ஊரிலை ஆளில்லை."

அவ பேனையைக் கீழே வைத்தா. "கடல் கொந்தளிப்போ அண்டைக்கு?" என்று கேட்டா. இல்லை என்றேன். "அடிபட்ட காயம் ஏதும் இருந்ததோ?" இல்லை. "குதிச்ச உடனையோ, கொஞ்ச நேரம் நீந்தின பிறகோ?"

குதித்த உடனே, என்றேன். முப்பத்தைந்து வருடமாக என்னிடம் ஒருவரும் இந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை. என்ன கண்டாய் என்று ஒரு கேள்விதான் கேட்டார்கள்.

எனக்கும் ஈசிஜி எடுத்தார்கள். எனக்கு ஒரு நாளும் தலைச்சுற்றுக்கூட வந்ததில்லை. ஷெல்லடிக்குள் யாழினியின் தகப்பனைத் தேடி நான் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறேன்! ஆனால் என் காகிதத்திலும் கோடுகளுக்கு நடுவே யாழினிக்கு இருந்த அதே நீளமான இடைவெளி. அம்மாவை நான் பிறெஷர் பார்க்க என்று பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவின் காகிதத்திலும் அதே நீளம். பிறகு மூன்றுபேரின் இரத்தத்தையும் கொழும்புக்கு அனுப்பி, அங்கேயிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். மாதக்கணக்கில் காத்திருந்தோம். மூன்று பேரிலும் ஒரே மரபணுவில், ஒரே இடத்தில், ஒரே பிழை இருக்கிறது என்று முடிவு வந்தது.

டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தியதை உனக்கும் சொல்கிறேன். உனக்குத்தானே இது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

"இதயம் ஒருக்கா அடிச்சு முடிஞ்சா, அடுத்த அடிக்கு ஆயத்தமாகவேணும். அதுக்கு ஒரு வகை உப்பு கலத்தைவிட்டு வெளியிலை போகவேணும். அது போக நுணுக்கமான வழியள் இருக்கு. உங்கடை ஆக்களுக்கு அந்த வழி சரியா வேலை செய்யேல்லை, ஆயத்தமாகப் பிந்துது. சும்மா இருக்கேக்கை ஒண்டும் தெரியாது. ஓடேக்கை, குளிர்தண்ணியிலை சடாரெண்டு குதிக்கேக்கை, இதயம் அவசரப்படும். ஆயத்தமாகமுதல் அடுத்த அடி வந்தா எல்லாம் குழம்பிப்போம். இரத்தம் தலைக்குப் போகாது. நீச்சல் தெரிஞ்சும் பிரயோசனம் இல்லை, நீந்திறதுக்கு நினைவு வேணுமே."

"இது என்னண்டு வாறது டொக்டர்?"

"ஒவ்வொரு மரபணுவும் எங்களிட்டை ரெண்டு பிரதி இருக்கு. ஒண்டு தாயிட்டையிருந்து, மற்றது தேப்பனிட்டையிருந்து. உங்கடை அம்மாவின்ரை ஒரு பிரதியிலை ஒரேயொரு எழுத்து மாறிப்போச்சு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பிரதி போகலாம், மற்றது போகலாம். பாதிக்குப் பாதி. மூத்ததுக்குப் போச்சு, இனி இளையதுக்குப் போகாது எண்டில்லை."

"அப்ப எனக்கு ஏன் ஒண்டும் வரேல்லை?"

"ஒரே பிழை இருந்தாலும் எல்லாருக்கும் ஒரேமாதிரி வராது. ஏனெண்டு எங்களுக்கும் முழுக்கத் தெரியாது."

அண்ணைக்கும் இதுதானோ என்று கேட்டேன். அவ ஈசிஜிக் காகிதத்தை மடித்து வைத்தா. "அவரைச் சோதிக்க இப்ப ஒண்டும் இல்லையே. எழுதித்தர ஏலாது. ஆனா என்னைக் கேட்டா, ஓம், இதுதான் எண்டு நம்புறன்."

ஒரு எலும்பைக்கூட வைத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் எரித்துக் கீரிமலையில் கரைத்தோம். வீட்டுக்கு வந்து அம்மாவின் ஈசிஜிக் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். அந்தக் கோடு ஏறி, இறங்கி, தாமதித்து, திரும்ப ஏறியது. அந்தத் தாமதத்துக்குள் நீ இருந்தாய். உன்னை அமத்தின கையை நான் தேடிக்கொண்டிருந்த காலம் முழுவதும் உன்னைக் கொன்றது எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதை நான் யாழினிக்கும் கொடுத்துவிட்டேன்.

யாழினிக்கு இதயம் அவசரப்படாமல் வைத்திருக்கக் குளிசை தந்திருக்கிறார்கள். ஒரு நாளும் விடக்கூடாது. ஓடக்கூடாது. கடலில் இறங்கவே கூடாது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பார்.

நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் குளிசைதான், பிறெஷருக்கு என்று சொல்லிக் கொடுத்தேன். எழுபத்தெட்டு வயதில் இதை எதற்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், இதைச் சொன்னால் அம்மா அடுத்த கேள்வியைக் கேட்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாழினியின் சிநேகிதிகள் கடற்கரைக்குப் போகக் கூப்பிட வந்தார்கள். நான் விடவில்லை. அவர்கள் போனபிறகு அவள் குசினிக்குள் வந்து நின்று கத்தினாள்.

"நீங்கள் ஏன் எனக்கு இதைத் தந்தனீங்கள்? உங்களுக்கு அம்மம்மாவிலையிருந்து வந்ததாம், சந்திரன் மாமாவும் இதாலைதான் செத்தவராம், டொக்டர் சொன்னவ! எனக்கு ஒரு பிள்ளை பிறந்தா அதுக்கும் நான்தான் குடுக்கோணுமோ?"

அம்மா வாசற்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தி நின்றது.

யாழினி அழுதுகொண்டு உள்ளே போய்விட்டாள். அம்மா கையைக் கழுவாமலே எழும்பி வந்தா. "உவள் என்ன சொல்லிப்போட்டுப் போறாள்?" என்று கேட்டா. சொன்னேன். டொக்டர் சொன்ன மாதிரியே, பிரதி, எழுத்து, பாதிக்குப் பாதி, எல்லாம் சொன்னேன். அம்மா நிலத்தில் இருந்தா. பிறகு எனக்குத் தெரியாத ஒரு பெயரைச் சொன்னா.

"பூமணியும் உப்பிடித்தான்."

அம்மாவுக்கு ஒரு தங்கச்சி இருந்திருக்கிறா, அண்ணை. எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பதினாலு வயதில் கிணற்றில் நீந்தப் போனவ, நீந்தத் தெரிந்தவ, தாண்டு போனாவாம். தானாகத்தான் விழுந்தவ, ஏதோ பிழை செய்துபோட்டாள் என்று ஊர் கதைத்ததாம். அந்தப் பெயரையே வீட்டில் சொல்லக்கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டாராம். "பாவம், அது ஒரு பிழையும் செய்யேல்லை. என்னோடைதான் படுக்கிறது. எனக்குத் தெரியாதே" என்று அம்மா சொன்னா. அறுபது வருடத்துக்குப் பிறகு தங்கச்சிக்காக அழுதா. அது தாத்தாவின் வழியோ, ஆச்சியின் வழியோ, இனி யாரைக் கேட்பது?

அழுது முடித்துவிட்டு நிமிர்ந்தா. நான் பயந்திருந்த கேள்வி வந்தது.

"அப்ப குணம்? நீ கண்டனி எண்டனியே?"

"நான் ஒரு கையைத்தான் கண்டனான் அம்மா. அமத்தினதைக் காணேல்லை."

அம்மா எனக்கு அடித்தா. மீன் செதில் ஒட்டின கையால் கன்னத்தில் அடித்தா. நாற்பத்தாறு வயதில், தலை நரைத்தபிறகு, தாயிடம் அடி வாங்கினேன். அந்த அடி அப்போதே விழுந்திருக்கக்கூடாதா என்றுதான் நினைத்தேன்.

"ஊர் கேக்கத்தானே சொன்னனி? ஊர் கேக்கத் திருப்பிச் சொல்லு" என்றா. "முதல்லை என்னை அவனிட்டைக் கூட்டிக்கொண்டு போ."

குணம் அண்ணை எங்கே இருக்கிறார் என்று எனக்கு எப்போதும் தெரியும். தெல்லிப்பழைக்கு அங்காலே ஒரு தோட்டக் கிராமத்தில் இருக்கிறார். கடல் தெரியாத ஊர். குத்தகைக் காணியில் வெங்காயம் போடுகிறார். பஸ்ஸில் போகும்போது சிலவேளை அவரைத் தூரத்தில் காண்பேன், தலையைத் திருப்பிக்கொள்வேன்.

ஓட்டோவில் போனோம். அவர் தோட்டத் தறைக்குள் குந்தி வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தார். தாடி வெள்ளை. அம்மாவைக் கண்டதும் எழும்பினார், மண்வெட்டி இருந்த பக்கமாய் ஒரு அடி பின்வாங்கினார். அம்மா வரம்பில் நின்றபடியே சொன்னா. "குணம், என்ரை பிள்ளை என்னாலைதான் போனவன். உன்னாலை இல்லை."

அவர் தலையைச் சரித்து, இடது காதைத் திருப்பினார். "என்ன மாமி? விளங்கேல்லை."

காது கேட்காத பக்கமாய் நின்று சொல்லியிருக்கிறா. அம்மா அதை இரண்டாம் முறை சொல்லவேண்டியிருந்தது. முதலில் சொன்னதைவிடப் பலத்துச் சொல்லவேண்டியிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் எங்களை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கதிரை போட்டார். அவருடைய மனைவி தேத்தண்ணி வைக்கவில்லை, கதவு நிலையில் நின்றுகொண்டே இருந்தா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வழி, உப்பு, எழுத்து என்று உளறினேன். கடைசியில், "அண்டைக்கு அப்பிடிச் சொன்னது நான்தான் குணம் அண்ணை" என்றேன்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. நீ சொல்லேக்கை நான் அஞ்சு முழத்திலை நிண்டனான்."

"அப்ப ஏன் நீங்கள் இல்லையெண்டு சொல்லேல்லை?"

அவர் உள்ளங்கையில் இருந்த மண்ணை உரசி உதிர்த்தார். "அவன் குதிக்கமாட்டன் எண்டவன். கயிறு பிறகு வெட்டுவம், களைக்குது எண்டவன். நான்தான், என்னடா பொம்பிளையே, குதியடா எண்டனான். முதல்நாள் சண்டைக் கோவம் கொஞ்சம் இருந்தது. குதிச்சான். மேலை வந்து என்னைப் பாத்தான் பிள்ளை. கண் திறந்திருக்கு, ஆனா பாக்கேல்லை. மயிரிலை பிடிச்சு இழுத்தன். எண்ணெய்த் தலை, வழுக்கிப்போட்டுது." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இப்ப நீ சொல்லுறதைப் பாத்தா, நான் குதியெண்டு சொல்லாட்டி அவன் இருந்திருப்பான். அப்பிடித்தானே?"

வேறொரு நாள் வேறெங்காவது வந்திருக்கும் என்று டொக்டர் சொல்லக்கூடும். வராமலும் விட்டிருக்கும், எனக்கு வராததுபோல. மருந்து கண்டுபிடிக்கும்வரை நீ இருந்திருப்பாயா? உனக்கும் என்னைப்போல நரைத்திருக்குமா? உனக்குத் தெரிந்தால் சொல்லு.

அம்மாதான் கதைத்தா. "நான் பெத்தனான், நீ குதியெண்டனி. ரெண்டுபேரும் தெரிஞ்சோ செய்தனாங்கள், மோனை?"

குணம் அண்ணை முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அம்மா எழும்பிப்போய்ப் பக்கத்தில் நின்றா. நான் கதிரையிலேயே இருந்தேன். அவர்கள் இரண்டுபேரும் தெரியாமல் செய்தவர்கள். தெரிந்து செய்தவள் அந்த வீட்டுக்குள் நான் ஒருத்திதான்.

திரும்பி வரும்போது அவருடைய மனைவி படலைவரை வந்தா. என்னிடம் மட்டும் சொன்னா. "எங்கடை மகளுக்கு மூண்டு இடத்திலை கலியாணம் பேசிக் குழம்பினது. கொலைகாரன்ரை பெட்டை எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். நாலாவதா, கொழும்பிலை, ஊர் தெரியாத ஆக்களுக்குத்தான் குடுத்தனாங்கள். அவள் இஞ்சை வாறேல்லை." கோபமாய்ச் சொல்லவில்லை. எனக்குத் தெரியவேண்டும் என்று சொன்னா. நான் சொன்ன ஒரு சொல் அவருக்குப் பிறந்த பிள்ளைக்கும் போயிருக்கிறது.

போன கிழமை நான் தனியே அவரிடம் போய், இப்படி ஒரு கடிதம் பத்திரிகைக்கு எழுதப்போகிறேன், உங்கள் பெயரை மாற்றிப் போடவா என்று கேட்டேன். மாற்றவேண்டாம் என்றார். "முழுப்பேரையும் போடு. அண்டைக்கும் என்ரை பேரைத்தானே சொன்னனி."

ஆகவே ஊர் கேட்கச் சொல்கிறேன். மயிலிட்டிக் குணசீலன் என் அண்ணன் சந்திரனைத் தண்ணீரில் அமத்தவில்லை. தூக்கினார். தூக்கிக்கொண்டிருந்த கையைத்தான் நான் கண்டேன். கண்டதை மாற்றிச் சொன்னவள் நான். இதை வாசிக்கிறவர்களில் அந்தச் சொல்லை யாருக்காவது சொன்னவர்கள் இருந்தால், அதே ஆட்களிடம் போய் இதையும் சொல்லுங்கள்.

அண்ணை, இதால் நீ நிம்மதியாய் இருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. நானும் நிம்மதியாய் இல்லை. யாழினி ஒவ்வொரு காலையும் குளிசையை விழுங்கிவிட்டு வெறுங்கையை என்னிடம் விரித்துக் காட்டுகிறாள், சிரிக்காமல் காட்டுகிறாள். அவள் குளிக்கும்போது நான் கிணற்றடியில் நிற்கிறேன். தண்ணீர்ச் சத்தம் ஒரு நொடி நின்றால் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். இது இனி என் ஆயுள் முழுவதும் இருக்கும்.

ஆனால் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். அம்மா தன் தகப்பன் வழியிலும் தாய் வழியிலும் வந்த ஆட்களின் பெயர்களைச் சொல்லச் சொல்ல, நான் ஒரு கொப்பியில் எழுதுகிறேன். திருகோணமலை, சென்னை, பாரிஸ், ரொறன்ரோ. செத்தவர்களுக்குப் பக்கத்தில் எப்படிச் செத்தார்கள் என்றும் எழுதச் சொல்கிறா. ஒவ்வொருவருக்கும் ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்லிப் போன் பண்ணுகிறோம். இங்கே பக்கத்துத் தெருவில் இருக்கும் அம்மா வழி மச்சான் ஒருவர், சங்கு குளிக்கப் போகிறவர், "எங்கடை குடும்பத்துக்கு நோய்ப் பேர் வைக்காதையுங்கோ" என்று கதவைச் சாத்திவிட்டார். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் கடலில்தான்.

நாளைக்கு மறுபடி போகிறேன். அவர் திறக்கும்வரை போவேன். உனக்கு இந்த வாக்கைத் தருகிறேன்: அம்மாவின் வழியில் வந்த கடைசிப் பிள்ளைவரை தேடிப் பிடிப்பேன். அதற்கும் தப்பி, எங்களில் ஒரு பிள்ளை எங்காவது விழுந்தால், பக்கத்தில் நின்றவனைப் பார்த்து ஒருவரும் கை நீட்ட விடமாட்டேன். நான் முன்னுக்குப் போய் நிற்பேன்.

உன் கூடப்பிறந்தவள், உனக்கு இருந்த அதே பிழையோடு இன்னும் உயிரோடிருக்கிறவள்,
உன்ரை தங்கச்சி மலர்
மயிலிட்டி